பாதையில் ஏற்றும் சுமை

முப்பது வருசம் கொழும்பில் மென்பொருள் எழுதிவிட்டுக் குருக்கள்மடத்துக்குத் திரும்பி வந்தவன் நான். ஏஐ துணையோடு கோட் எழுதத் தொடங்கியிருக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மாத முடிவில் கணக்கைப் பார்த்துத் திகைத்துப்போய் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

1. டோக்கன் என்றால் என்னவென்று முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதை மொடல் சிறு துண்டுகளாக வெட்டித்தான் வாசிக்கும். ஒரு துண்டு ஒரு டோக்கன். உள்ளே போவதற்கு ஒரு விலை, வெளியே வருவதற்கு அதைவிடக் கூடிய விலை. 2025 மே மாதம் வந்த குளோட் சொனெட் 4 மொடலை ஏபிஐ வழியாகப் பாவித்தபோது, 10 இலட்சம் டோக்கன் உள்ளே போக 3 டொலர், வெளியே வர 15 டொலர் என்றிருந்தது.

2. காசு போகும் இடம் இதுதான், ஆறுதலாக வாசியுங்கள். மொடலுக்கு ஞாபகம் கிடையாது. நீங்கள் ஒரு வரி கேட்டாலும், அதற்கு முன்பு பேசியது முழுவதும், திறந்து காட்டிய கோப்புகள் எல்லாம், ஒவ்வொரு தடவையும் திரும்ப அனுப்பப்படுகின்றன. வாவியைக் கடக்கும் மிதவையை எங்கள் பக்கம் பாதை என்போம். அம்பிளாந்துறைக்குப் பாதையில் போகிறவர், நேற்று ஏற்றிய நெல்மூடையையும் முந்தநாள் ஏற்றிய மூடையையும் இன்றைக்கும் ஏற்றிக்கொண்டு போவதுபோல. உரையாடல் 50,000 டோக்கன் அளவுக்கு வளர்ந்துவிட்டது என்று வையுங்கள். அதில் இருபது கேள்வி கேட்டால் 10 இலட்சம். மேலே சொன்ன 3 டொலர் விலைப்படி, டொலர் 300 ரூபா என்று பார்த்தால் 900 ரூபா (அடுத்துச் சொல்லும் கேஷ் வசதி இல்லாவிட்டால்). நீங்கள் தட்டச்சு செய்ததோ ஒரு பக்கம்கூட இராது. ஆகவே ஒரு வேலை முடிந்ததும் அந்த உரையாடலை மூடுங்கள். அடுத்த வேலைக்குப் புதிதாகத் தொடங்குங்கள். தேவையென்றால் நடந்ததை ஐந்து வரியில் நீங்களே எழுதிக் கொடுங்கள். அப்படி எழுதும்போது உங்களுக்கும் வேலை விளங்கும்.

3. ஒருமுறை அனுப்பியதைச் சேமித்துவைத்துப் பத்தில் ஒரு பங்கு விலைக்கு வாசிக்கும் வசதி உண்டு. கேஷ் என்பார்கள். குளோட் மொடல்களில் அது வழமையாக 5 நிமிடம்தான் நிற்கும். தேத்தண்ணி குடிக்க எழும்பிப்போய் அரைமணித்தியாலம் கழித்து வந்தால், பழைய சுமை முழுவதற்கும் திரும்பவும் முழு விலை, அதற்கு மேல் கால் பங்கும் கூட. இடையில் மொடலை மாற்றினாலும் அப்படித்தான். எழும்ப முன்பு வேலையை ஓரிடத்தில் முடித்துவிட்டு எழும்புங்கள்.

4. தானாகவே கோட் எழுதி, ஓட்டிப்பார்த்து, திருத்தும் ஏஜென்டைத் தனியே ஓடவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். நான் போனேன். கோடைச் சரிபார்க்கும் பரீட்சை (டெஸ்ட்) ஒன்று தோற்றது. ஏஜென்ட் கோடைத் திருத்தியது, பரீட்சை திரும்பவும் தோற்றது, ஏஜென்ட் திரும்பவும் திருத்தியது. விடியும்போது ஒரு மாதத்துக்கென்று ஒதுக்கிய காசு முடிந்திருந்தது. பிழை அந்தப் பரீட்சையில்தான் இருந்தது, நான் பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை. நீங்கள் கேட்பது ஒன்று, ஏஜென்ட் உள்ளே செய்வது முப்பது நாற்பது அழைப்புகள். "மூன்று தடவை முயன்றும் சரிவராவிட்டால் நில்" என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

5. செலவு உச்சவரம்பை முதல் நாளே போடுங்கள். காசு தீர்ந்தால் தானாக நிரப்பும் வசதியை அணைத்துவையுங்கள். ஏபிஐ சாவியைக் கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள், கண்டெடுப்பவர் உங்கள் காசில் பாவிப்பார்.

6. ரேட் லிமிட் வேறு, காசு வேறு. 2022 யூலையில் இலங்கையில் எரிபொருளைப் பங்கிட கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். கையில் எவ்வளவு காசு இருந்தாலும் அவ்வளவுதான். இங்கும் நிமிடத்துக்கு இத்தனை கோரிக்கை, இத்தனை டோக்கன் என்று அளவு வைத்திருக்கிறார்கள். மீறினால் 429 என்ற எண் வரும். அதைக் கண்டவுடன் மளமளவென்று திரும்ப அனுப்பாதீர்கள், மனே. ஓப்பன்ஏஐயில் தோற்ற கோரிக்கையும் அந்த நிமிட அளவில் சேரும். பாதை நிரம்பிவிட்டால் கரையில் நிற்கத்தான் வேண்டும். பதிலோடு எத்தனை செக்கன் காத்திருக்க வேண்டும் என்று வந்தால் அதன்படி நில்லுங்கள், வராவிட்டால் 2, 4, 8 செக்கன் என்று இரட்டித்துக்கொண்டு போங்கள்.

7. மாதக் கட்டணம் கட்டினால் போதும் என்று நம்பியிருக்க வேண்டாம். கர்சர் என்ற கோட் எழுதும் கருவி 2025 யூன் 16 இல் தன் 20 டொலர் திட்டத்தை மாதம் 500 கோரிக்கை என்ற கணக்கிலிருந்து டோக்கன் விலைக் கணக்குக்கு மாற்றியது. பலருக்கு எதிர்பாராத கட்டணம் விழுந்தது. யூலை 4 இல் மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. கிட்ஹப் கோபைலட் அதே ஆண்டு யூன் 18 முதல் புரோ திட்டத்தில் மாதம் 300 பிரீமியம் கோரிக்கை, மேலதிகமான ஒவ்வொன்றுக்கும் 4 அமெரிக்க சதம் என்று அறவிடத் தொடங்கியது. குளோட் சந்தாக்களில் 5 மணித்தியால வரம்போடு ஓகஸ்ட் 28 முதல் கிழமை வரம்பும் வந்தது. விதி மாறும் என்று எண்ணியே திட்டமிடுங்கள். வாடிக்கையாளருக்கு விலை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

8. தமிழில் கேட்டால் செலவு கூடுமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். கூடும். எங்கள் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட், ஆங்கில எழுத்துக்கு 1. பழைய மொடல்கள் தமிழைப் பொடியாக வெட்டின. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது, ஒரே தமிழ் மாதிரி வாசகம் 116 டோக்கனிலிருந்து 35 ஆகக் குறைந்ததாக ஓப்பன்ஏஐ காட்டியது. அதன் ஆங்கில வடிவம் 27 இலிருந்து 24 ஆனது. வித்தியாசம் இன்னும் இருக்கிறது, ஆனால் அதற்காகத் தமிழை விடாதீர்கள். உங்கள் கேள்வி சில நூறு டோக்கன்தான். விளங்காத மொழியில் அரைகுறையாகக் கேட்டு, பிழையான கோட் வாங்கி, அதைத் திருத்த இன்னும் பத்துத் தடவை கேட்பதுதான் கூடிய செலவு. தமிழில் தெளிவாகக் கேளுங்கள். வெட்ட வேண்டியது, கேள்வியோடு நீங்கள் ஒட்டி அனுப்பும் இரண்டாயிரம் வரிப் பிழைப்பதிவை. அதில் தேவையானது பெரும்பாலும் கடைசி இருபது வரிதான்.