நாக்கில் சீழ்க்கட்டி

நாக்கிலும் சீழ்க்கட்டி வரும் என்பது என் மைத்துனருக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளன். மருத்துவர்களிடம் கேட்டறிந்ததைச் சங்க அன்பர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

வாயில் கிருமிகளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் நாக்கில் சீழ் பிடிப்பது அபூர்வம். அதன் மேல்தோல் தடிப்பானது. இரத்த ஓட்டம் மிகுதி. ஓயாத அசைவும் உமிழ்நீரும் கிருமிகளைத் தங்கவிடா. இந்த அரணைத் துளைப்பவை பெரும்பாலும் மீன் முள், உடைந்த பல்லின் கூர்முனை, நாக்கைக் கடித்த காயம் ஆகியவை. அடிநாக்கில் வந்தால் கடைவாய்ப் பல்லின் சீழும் காரணமாகலாம். சர்க்கரை நோயாளிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை.

மைத்துனர் வாய்ப்புண் என்று எண்ணி இரண்டு நாள் வைட்டமின் மாத்திரை போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் நாக்கின் ஒரு பக்கம் வீங்கிப் பேச்சு குழறியது. காய்ச்சல் வேறு; எச்சில் விழுங்கவும் முடியவில்லை. கட்டி அடிநாக்கில் இருந்தால் வெளியே வீக்கம் தெரியாமலே காதுவரை வலி பரவுமாம்.

நாக்கு வீக்கமெல்லாம் சீழ்க்கட்டி அல்ல. இரத்தக்கட்டு, ஒவ்வாமை, புற்றுநோய் ஆகியவற்றாலும் நாக்கு வீங்கலாம். எனவே காது மூக்கு தொண்டை மருத்துவர் தொட்டுப் பார்த்து, ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பிறகு ஊசி செலுத்தி உறிஞ்சினார். சீழ் வந்தது, நோய் உறுதியாயிற்று, வலியும் தணிந்தது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்றறியச் சீழை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஊசியால் முழுவதும் வெளியேறாவிட்டால் கீறி எடுக்க வேண்டும். கூடவே ஆன்டிபயாடிக் மருந்தை இரத்தக் குழாய் வழியே செலுத்துவார்கள். உள்ளே முள் இருந்தால் அதையும் அகற்ற வேண்டும். இல்லையேல் கட்டி மீண்டும் வரும்.

இந்நோயில் பெரிய ஆபத்து சீழன்று, மூச்சடைப்பு. வீங்கிய நாக்கு பின்னோக்கித் தள்ளிச் சுவாசப் பாதையை மறைத்துவிடும். ஆகவே மருத்துவர்கள் முதலில் பார்ப்பது மூச்சுப் பாதையைத்தான்.

வண்டியில் ஓர் அச்சுப்பெட்டி சூடேறிவிட்டால், எவ்வளவு அவசரச் சரக்கானாலும் அந்தப் பெட்டியைக் கழற்றி நிறுத்திவிடுவோம். ஊர் போய்ச் சேரட்டும் என்று ஓட்டமாட்டோம். இதிலும் அப்படித்தான். நாக்கு வீங்கி, விழுங்க முடியாமல் எச்சில் வழிந்தாலோ, குரல் மாறினாலோ, மூச்சுத் திணறினாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். கட்டியை நீங்களே குத்தவும் வேண்டாம். நோயாளியைப் படுக்க வைக்காமல், உட்கார வைத்தே உடனே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், இரவானாலும் சரி.