பாஸ்வேர்டை எப்போது மாற்றுவது?

செந்தூல் பக்கம் நம்ம பசங்க பாஸ்வேர்ட் வைப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். சாமி பேர், பின்னாலேயே பிறந்த தேதி. மாற்றச் சொன்னால் கடைசியில் ஒரு 1 சேர்ப்பது!

தம்பி தங்கைகளே, பிறந்த தேதி ரகசியமே இல்லை. ஐசி நம்பரின் முதல் 6 இலக்கமே அதுதான். அந்த ஐசி நம்பரும் ரகசியமில்லை. மலேசியக் கைப்பேசி வாடிக்கையாளர்களின் 4 கோடியே 62 லட்சம் பதிவுகள் கசிந்தது 2017 அக்டோபரில் தெரியவந்தது. கைப்பேசி எண், முகவரி, ஐசி எல்லாம் அதில் இருந்தன. அப்போதைய நம் மக்கள்தொகையைவிட அதிகம். ஒருவரிடமே இரண்டு மூன்று எண் இருக்குமே.

அதே ஆண்டு அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கட்டாயமாக மாற்றச் சொல்ல வேண்டாம் என்றது. அடிக்கடி மாற்றச் சொன்னால் பழசையே லேசாகத் திருத்துவோம். பழசு தெரிந்தவன் புதுசை ஊகித்துவிடுவான். கசிந்ததாகத் தெரிந்தால் உடனே, முழுசா மாத்துங்க. அதையே வேறு எங்கெல்லாம் போட்டீங்களோ, அங்கேயும்தான்.

மின்னஞ்சலில் தொடங்குங்கள். அது போனால், மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டையும் திருடன் அதன் வழியாகவே மாற்றிக்கொள்வான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோர்த்து, அதற்கென்றே நீளமாக ஒன்று வையுங்கள். மற்றவற்றை பாஸ்வேர்ட் மேனேஜர் உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்ளும். மோசடியில் பேங்க் பணமே போய்விட்டதா? உடனே பேங்குக்கு அல்லது 997-க்கு போன் போடுங்க.