இடைவேளை விடச் சொல்லும் சாஃப்ட்வேர்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் மானிட்டர், யுபிஎஸ், பிரிண்டர் என்று பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். அதன் முன்னால் உட்காரப் போகும் உடம்பை யாரும் நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம் என் வலது கை விரல்கள் இரவில் மரத்துப் போக ஆரம்பித்தன. காலையில் சட்டைப் பட்டன் போடவே சிரமம். மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்றார் டாக்டர்.

இத்தனைக்கும் எங்கள் அலுவலகத்தில் ஊழியர்களுக்கு ஜிம் இருந்தது, மாலையில் யோகா வகுப்பு இருந்தது. நான் தவறாமல் போனேன். உடம்புக்கு நல்லதுதான். ஆனால் பகலில் நான்கு மணி நேரம் கையை எடுக்காமல் டைப் செய்துவிட்டு மாலையில் யோகா செய்தால் மணிக்கட்டுக்கு என்ன பயன்? அதற்குத் தேவைப்பட்டது வேலைக்கு நடுவே ஓய்வு. ஜப்பானில் 1928-ல் வானொலியில் தொடங்கிய 'ரேடியோ தைசோ' பயிற்சியை இன்றும் பல நிறுவனங்களில் வேலை செய்யும் இடத்திலேயே நின்று செய்கிறார்கள். நமக்கு அப்படி அழைக்க ஆள் இல்லை. அந்த வேலையை கம்ப்யூட்டரிடமே கொடுத்துவிடலாம்.

'ஒர்க்ரேவ்' என்ற இலவச சாஃப்ட்வேர் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். இன்ஸ்டால் செய்தவுடன் டாஸ்க்பாரின் ஓரத்தில் செம்மறி ஆட்டுப் படம் போட்ட ஐகான் வரும். (ஆடு எதற்கென்று கேட்காதீர்கள்.) கீபோர்டையும் மவுஸையும் நீங்கள் பயன்படுத்தும் நேரத்தை இது கணக்கிடும். 3 நிமிடத்திற்கு ஒரு முறை 30 விநாடி, 45 நிமிடத்திற்கு ஒரு முறை 10 நிமிடம் ஓய்வு என்று முதலிலேயே செட் செய்யப்பட்டிருக்கும். பெரிய இடைவேளையில் கழுத்து, தோள், கண் பயிற்சிகளைப் படத்துடன் காட்டும்.

3 நிமிடக் கணக்கு எரிச்சலூட்டும். அதனாலேயே பலர் அன்றைக்கே அன்இன்ஸ்டால் செய்துவிடுவார்கள். ஐகானில் ரைட் கிளிக் செய்து, பிரிஃபரன்சஸில் டைமர்ஸ் பகுதிக்குச் சென்று 10 நிமிடத்திற்கு 20 விநாடி என்று மாற்றிக் கொள்ளுங்கள். ஒரு விஷயம் கவனிக்கவும். கீபோர்டைத் தொடாமல் படித்துக்கொண்டே இருந்தால் நீங்கள் ஓய்வெடுப்பதாக அது எண்ணிக்கொள்ளும். அப்போது மெனுவில் ரீடிங் மோடைத் தேர்வு செய்யவும்.

ஓய்வு நேரத்தில் தோன்றும் விண்டோவில் 'ஸ்கிப்' பட்டன் இருக்கும். முதல் வாரம் முழுக்க நான் அழுத்தியது அதைத்தான்! பிறகு அந்த பட்டனே வராதபடி அதே டைமர்ஸ் பகுதியில் டிக்கை எடுத்துவிட்டேன். இடைவேளையில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். செல்போனை எடுக்காதீர்கள், அதற்கும் அதே விரல்கள்தான்.

இதோடு டாக்டர் சொன்னபடி இரவில் மணிக்கட்டுப் பட்டையும் கட்டிக்கொண்டேன். விரல்கள் சரியாக நான்கு மாதம் ஆனது. உங்களுக்கும் மரத்துப் போனால் சாஃப்ட்வேரைத் தேடுவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள்.