கேஸ் ஷீட்டை யாரிடம் கொடுப்பது?

மொரப்பூர், அரூர் பக்கம் சிறிய நர்சிங் ஹோம் நடத்தும் டாக்டர், தன் ஆஸ்பத்திரியில் சிகிச்சை சரியாக நடந்ததா என்று பார்க்க ஆள் தேடினால், கிடைப்பவர் ஒன்று கூடவே வேலை செய்பவர். இல்லையென்றால் அடுத்த தெருவில் போட்டிக்கு இருப்பவர். முன்னவர் தயங்குவார், பின்னவருக்கு ஆதாயம் இருக்கிறது. அமெரிக்காவின் ஆஸ்டோரியா என்ற சிற்றூரில் இது வழக்காகவே போனது. கிளினிக்கில் பங்குதாரராகச் சேர மறுத்துத் தனியாகத் தொழில் செய்த டிமதி பேட்ரிக் என்ற அறுவை மருத்துவரை, அந்தக் கிளினிக் டாக்டர்களே மதிப்பீடு என்ற பெயரில் ஊரின் ஒரே ஆஸ்பத்திரியிலிருந்து நீக்கப் பார்த்தார்கள். 1988-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பேட்ரிக் பக்கம் தீர்ப்பளித்தது.

அன்றாட விஷயங்களுக்கு உள்ளுக்குள் கூடிப் பேசுவதே போதும். பிரசவத்தின் போக்கைக் குறிக்கும் பார்ட்டோகிராம் எழுதினார்களா, ஆன்டிபயாடிக் நேரத்துக்குப் போட்டார்களா என்பதை மறுநாளே திருத்திவிடலாம்.

ஆனால் பிரசவத்தில் தாய் இறந்தால் அரசுத் தணிக்கை கட்டாயம்; தனியார் ஆஸ்பத்திரிக்கும் விலக்கில்லை. தமிழ்நாடு 1990-களிலேயே இதைத் தொடங்கியது. லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 ஆக இருந்த (2001-03) தாய் மரணம் 2018-20-ல் 54 ஆகக் குறைந்ததில், 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களோடும் 108 ஆம்புலன்ஸோடும் தணிக்கைக்கும் பங்குண்டு. ஆனால் மெமோ கொடுக்கக்கூடிய அதிகாரி எதிரே உட்கார்ந்திருக்கையில் டாக்டர் மனம் திறந்து பேசுவது கடினம்.

கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் வேறு வழியில் போகிறது. பெயர்களை மறைத்து, கேஸ் ஷீட்டை மட்டும் மற்ற டாக்டர்கள் படிக்கிறார்கள். யாரையும் தண்டிப்பதற்காக அல்ல, என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வதற்காக. சிற்றூர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன்.

நோயாளி பெயர், டாக்டர் கையெழுத்து, ஆஸ்பத்திரி முத்திரை மூன்றையும் மறைத்து நகலெடுங்கள். நேரத்தை மட்டும் மறைக்காதீர்கள். ரத்தப்போக்கு 2.40, ஆம்புலன்ஸ் 3.25 என்றிருந்தால், கேள்வியெல்லாம் அந்த 45 நிமிடத்தில்தான். படிப்பவர் வேறு மாவட்டத்துத் தாலுகா ஆஸ்பத்திரி அனுபவம் உள்ளவராக இருக்கட்டும். கீழ்த்தளத்திலேயே ரத்த வங்கி இருக்கும் சென்னைப் பேராசிரியருக்கு, ரத்தத்துக்கு வெளியூர் ஆளனுப்பும் அவஸ்தை புரியாமல் போகலாம். ஒருவரல்ல, இருவர் தனித்தனியே படிக்கட்டும். நல்லபடியாக முடிந்த பிரசவங்களின் ஷீட்டையும் கலந்து அனுப்புங்கள். முடிவு மோசம் என்று தெரிந்துவிட்டால் எல்லாமே தவறாகத்தான் கண்ணில் படும்.

போலீஸ் விவகாரத்தை இதோடு குழப்ப வேண்டாம். டாக்டர் மீது நடவடிக்கை எடுக்குமுன், அந்தத் துறையில் தகுதியுள்ள, முடிந்தவரை அரசுப் பணியில் இருக்கும் டாக்டரின் சார்பற்ற கருத்தைப் பெற வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது வேறு பாதை.

படித்துத் தருபவருக்கு ஷீட்டுக்கு இவ்வளவு என்று கட்டணத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், அவர் என்ன எழுதினாலும்.