கரிசற் சேறும் லாரிச் சக்கரமும்

கோவில்பட்டி, விளாத்திகுளம் பகுதிகளில் விளைந்த பருத்தியை ஏற்றிவரச் செல்லும் லாரி, தார்ச்சாலையை விட்டு வண்டித்தடத்தில் இறங்க நேரிடுகிறது. ஒரு மழை பெய்துவிட்டால் அத்தடம் எந்நிலையில் இருக்கும் என்பதைக் கரிசற் காட்டு உழவர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. திரும்பி வந்த லாரியின் முகப்பையும் கண்ணாடியையும் கழுவுவதோடு பலர் நிறுத்திவிடுகின்றனர். நாம் கவலைகொள்ள வேண்டியதோ கண்ணுக்குப் புலப்படாத அடிப்பாகத்தைப் பற்றியேயாகும்.

கரிசலிலுள்ள களி நீரை உட்கொண்டு பருக்கும். உலருங்கால் சுருங்கி இறுகும். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிப்பதும் இக்குணத்தாலேயே. ஈரமாயிருக்கையில் மரச்சட்டத்தால் வழித்துவிடக்கூடிய சேறு, இரண்டு நாள் வெயில் பட்டபின் உளியைத் தேடவைக்கும். ஆதலின் வந்த அன்று மாலையே இவ்வேலையை முடித்தல் வேண்டும். வழித்த சேற்றைப் பிறர் நிலத்தருகே கொட்டலாகாது. பார்த்தீனியம் போன்ற களைகளின் விதை அதனுடன் பயணம் செய்கிறது.

சக்கர வளையத்தின் உட்புறத்தில் ஒரு பக்கமாகச் சேறு அப்பிக்கொண்டால் சக்கரத்தின் சமன் குலையும். மெல்லச் செல்லும்வரை இது தெரியாது. வேகம் கூடியதும், முன்சக்கரமாயின், ஸ்டியரிங் கையில் நடுங்கும். புதுப் பாகம் வாங்கச் செலவிடுமுன் குனிந்து வளையத்தின் உட்புறத்தைப் பார்ப்பது நலம். பின்புற இரட்டைச் சக்கரங்களின் நடுவே கல் சிக்கியிருப்பின் அகற்றிவிடுக. அது டயரின் பக்கத்தை அறுப்பதன்றி, ஓட்டத்தில் தெறித்துப் பின்வருவோரைத் தாக்கவும் கூடும்.

அடியிற் புகுமுன் லாரி கெட்டியான சமதரையில் நிற்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் படுக்கலாகாது. ஈரத் தரையில் ஜாக்கி சாய நொடிப்பொழுது போதும். புதிதாக வந்த கிளீனரை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்று ஏவும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதனை நாம் ஏற்பதற்கில்லை.

பிரேக் டிரம் சூடாயிருக்கையில் தண்ணீர் பாய்ச்சினால் வெடிப்புக் காணக்கூடும், ஆறவிடுக. நீரை விசையுடன் பீய்ச்சும் இயந்திரம் மண்ணை இளக்கும். ஆயினும், சக்கரக் குடத்தின் எண்ணெய்த் தடுப்பு வளையங்களிலும் மின்கம்பி இணைப்புகளிலும் அதனை நேரே திருப்பினால் நீர் உட்புகும். பின்னச்சின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டதென அறிக. ஸ்பிரிங்குப் பட்டைகளின் இடுக்கு, மட்கார்டின் உள்விளிம்பு, சட்டத்தின் மூலைகள் ஆகியன ஈரம் தங்கித் துருவேறும் இடங்கள். கண்மாய்க் கரையில் நிறுத்திக் கழுவுவது வேண்டாம். அந்நீரை மாடுகள் குடிக்கின்றன.

கழுவியபின், பழைய கிரீசும் நீரும் வெளியேறிப் புதுக் கிரீஸ் தலைகாட்டும்வரை நிப்பிள்களில் கிரீஸ் ஏற்றுக. நனைந்த பிரேக் உடனே பிடிக்காது. வெற்று லாரியைச் சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, பிரேக்கைப் பன்முறை மிதித்து உலர்த்த வேண்டும். நேராகவும் சமமாகவும் பிடிப்பதைக் கண்ட பின்னரே பருத்திப் பொதிகளை ஏற்றுக.