பழைய வண்டியும் எரிபொருட் சிக்கனமும்

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், கருநாடக மாநிலத்தை அடுத்து அமைந்திருப்பது கிருஷ்ணகிரி மாவட்டம். 2004-ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தினின்று பிரிக்கப்பெற்ற இம்மாவட்டத்தில், மலையும் காடும் சூழ்ந்த ஊர் அஞ்செட்டி. தேன்கனிக்கோட்டை மேட்டுநிலத்திலிருந்து அவ்வூர்க்குச் செல்லும் சாலை, காட்டினூடே பல வளைவுகளாக இறங்கிச் செல்கிறது. யானைகள் குறுக்கிடும் வழி அது. வடக்கே ஓசூரில் பெருந்தொழிற்சாலைகள் இரவும் பகலும் இயங்குகின்றன. அஞ்செட்டியைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலோ, கேழ்வரகும் கொள்ளும் விளையும் மானாவாரி நிலங்கள் பரந்து கிடக்கின்றன. இவ்விரு உலகங்களையும் இணைப்பவற்றுள் சிறு சரக்கு வண்டிகள் தலையாயவை. ‘பிக்கப்’ என்று மக்கள் வழங்குவது இவ்வண்டிகளையே.

இத்தகைய வண்டிகளுள் ஒன்று அம்மாவட்டத்திலேயே பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அசோக் லேலண்ட் நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் ‘தோஸ்த்’ என்னும் வண்டியை ஓசூர்த் தொழிற்சாலையில் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஏறத்தாழ ஒன்றேகால் டன் சுமையைத் தாங்கவல்லது அது. நண்பன் என்பதே அப்பெயரின் பொருள். அன்று புதியனவாய்ச் சாலைக்கு வந்த வண்டிகள் இன்று பழையன ஆகிவிட்டன. ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறி, சிற்றூர்களில் அவை இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை வைத்துப் பிழைப்போர் பலர்க்குப் புதிய வண்டி வாங்கும் வசதி இல்லை. ஆதலின், இருக்கும் வண்டியைக் கொண்டே குறைந்த டீசலில் மிகுந்த தொலைவு செல்வது எங்ஙனம் என்பது அவர்கட்கு வாழ்க்கை வினாவாகும்.

இவ்வினாவின் அளவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒரு வண்டி திங்கள்தோறும் 1,680 கிலோமீட்டர் ஓடுகிறது எனக் கொள்க. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் வீதம் ஓடினால் அதற்கு 140 லிட்டர் டீசல் வேண்டும். அதே வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடுமாயின் 120 லிட்டரே போதும். மிச்சம் 20 லிட்டர். ஆண்டொன்றுக்கு 240 லிட்டர். இரண்டே கிலோமீட்டர் வேறுபாடு, பள்ளி செல்லும் பிள்ளைகளின் செலவுக்கோ, வீட்டின் கடனை அடைப்பதற்கோ உதவும் தொகையாக வளர்ந்து நிற்கிறது. சிறுதுளி பெருவெள்ளம் அன்றோ?

எரிபொருளைச் சிக்கனம் செய்ய விரும்புவோர், அது எங்கே செலவாகிறது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். இவ்வகை எஞ்சினை உருவாக்கியவர் செருமானிய அறிஞர் ருடால்ப் டீசல். 1897-ஆம் ஆண்டில் ஆக்சுபர்க் நகரில் அவருடைய எஞ்சின் சோதிக்கப்பெற்றபோது, எரிபொருளின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியாகவே அது வேலையாக மாற்றிக் காட்டியது. அக்காலத்து நீராவி எஞ்சின்களை நோக்க அஃது ஒரு பெரும் வெற்றி. இன்றைய எஞ்சின்கள் அதனினும் மேம்பட்டவை. ஆயினும் இன்றும், எரியும் டீசலின் ஆற்றலில் பாதிக்கு மேற்பட்ட பகுதி வெப்பமாகப் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறிவிடுகிறது. எஞ்சிய பங்கே காற்றின் தடையை வெல்லவும், டயர்களை உருட்டவும், மேட்டில் ஏறவும் பயன்படுகிறது. பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் அப்பங்கிலும் ஒரு பகுதி வெறும் சூடாக அழிகிறது. கிடைப்பது சிறு பங்கே ஆதலால், அதனை வீணாக்காமல் காப்பதே சிக்கனத்தின் சாரம்.

முதலாவது பகை வேகம். வண்டியின் வேகம் கூடக் கூட, அதனை எதிர்க்கும் காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் தடை, 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். முன்புறம் தட்டையாகவும் பின்புறம் திறந்தும் இருக்கும் சரக்கு வண்டிக்கு இத்தொல்லை மிகுதி. தளர்வாகக் கட்டிய தார்ப்பாய் காற்றில் படபடக்குமாயின், தடை மேலும் வளரும். 1978-ஆம் ஆண்டில் தோன்றிய பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வரையுள்ள வேகமே சிக்கனமானது என்று ஓட்டுநர்களுக்கு எடுத்துரைத்து வந்துள்ளது. ஓசூர் நெடுஞ்சாலையின் சமதளத்தில் இவ்வறிவுரை பெரிதும் பயன் தரும்.

இரண்டாவது டயர். காற்றுக் குறைந்த டயர் தரையில் மிகுதியாக நசுங்கி நசுங்கி உருள்கிறது. அந்நசுங்கலில் ஆற்றல் சூடாக மாறி வீணாவதுடன், டயரும் விரைவில் தேய்கிறது. எனவே, கிழமைக்கொரு முறையேனும் காற்றழுத்தத்தை அளத்தல் வேண்டும். வண்டி ஓடிச் சூடேறிய பின்னர் அளந்தால் அழுத்தம் மிகுதியாகக் காட்டும். ஆதலின் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதே முறை. வெற்று வண்டிக்கும் சுமையேற்றிய வண்டிக்கும் வேண்டிய அழுத்தம் வேறு வேறு. வண்டியைச் செய்தோர் குறித்துள்ள அளவே சரியானது. கையால் தட்டிப் பார்த்துக் கூறும் மதிப்பு நம்பத்தக்கதன்று.

மூன்றாவது பராமரிப்பு. மண்சாலைகளில் நாள்தோறும் ஓடும் வண்டியின் காற்று வடிகட்டி, புழுதியால் விரைவில் அடைபடும். காற்றுக் குறைந்தால் டீசல் முழுவதும் எரியாது. புகைக்குழாயில் கரும்புகை தோன்றும். அப்புகை ஓட்டுநரின் பணமே கரியாகிக் காற்றில் கலப்பதாகும். டீசலைத் தெளிக்கும் நாசில் பழுதுற்றாலும் கரும்புகை எழும். நீலநிறப் புகையோ எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். இவ்வாறு, கற்றறிந்த மருத்துவர் நாடி பிடித்து நோய் அறிவது போல, கூர்ந்து நோக்கும் ஓட்டுநர் புகையின் நிறத்தைக் கொண்டே வண்டியின் நலத்தை அறிவர்.

கண்ணுக்குப் புலனாகாத குறைகளும் உள. பிரேக் முற்றிலும் விடுபடாமல் சக்கரத்தைச் சிறிதே பற்றிக்கொண்டிருந்தால், வண்டி ஓயாமல் தன்னைத்தானே தடுத்துக்கொண்டு ஓடும். சமதளத்தில் சிறிது தொலைவு ஓட்டி நிறுத்தியபின், ஒரு சக்கரத்தின் நடுப்பகுதி மட்டும் மிகச் சூடாக இருக்குமாயின், அக்குறை அங்கே உண்டு என ஐயுறலாம். கிளட்ச் நழுவினால் எஞ்சின் விரையும், வண்டி விரையாது. மற்றொரு தவறும் பட்டறைகள் சிலவற்றில் நிகழ்வதுண்டு. எஞ்சின் அளவுகடந்து சூடேறும்போது, அதன் காரணத்தை ஆராயாமல், நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவர். சூடு தணிந்ததாகத் தோன்றும். ஆனால், அதன்பின் எஞ்சின் உரிய வெப்பநிலையை எளிதில் எட்டாது, குளிர்ந்த எஞ்சின் மிகுந்த டீசலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். நோயை விடுத்துக் காவற்காரனைத் துரத்திய கதையாக அது முடியும்.

நான்காவது ஓட்டும் முறை. ஆக்சிலேட்டரைத் திடீரென மிதித்து விரைதலும், உடனே பிரேக்கை மிதித்து நிற்றலும் எரிபொருளை வாரி இறைப்பதாகும். முன்னே வளைவோ வேகத்தடையோ வருவதைத் தொலைவிலேயே கண்டு, காலை எடுத்துவிட்டு, வண்டியின் வேகம் தானே தணியுமாறு செய்பவரே திறமை மிக்க ஓட்டுநர். எஞ்சின் திணறாத அளவில் உயர்ந்த கியரில் ஓட்டுதல் நன்று. சந்தையில் மூட்டைகளை இறக்கும்போது எஞ்சினை நிறுத்திவிடுதல் வேண்டும். இத்தகைய சிறு டீசல் எஞ்சின், நின்ற இடத்தில் வீணே இயங்கினாலும், மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் டீசலைச் செலவிடும்.

இங்கே ஒரு பெருந்தவற்றைச் சுட்டிக்காட்டுதல் கடமையாகும். மலைச்சாலையில் இறங்கும்போது, டீசலை மிச்சப்படுத்தும் எண்ணத்துடன், வண்டியை நியூட்ரலில் விட்டுவிடுவோர் உளர். எஞ்சினையே நிறுத்திவிடுவோரும் உளர். இதனினும் கொடிய சிக்கனம் வேறில்லை. கியரில் உள்ள வண்டி இறக்கத்தில் செல்லும்போது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், எஞ்சினுக்கு டீசல் செல்வது நின்றுவிடுகிறது. பழைய எஞ்சின்களில் கவர்னர் என்னும் உறுப்பும், பின்வந்தவற்றில் மின்னணுக் கருவியும் இதனைச் செய்கின்றன. உருளும் சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. எஞ்சினோ வண்டியைப் பின்னிழுத்துப் பிடிக்கிறது. நியூட்ரலில் விட்டாலோ, எஞ்சின் தன்னை இயக்கிக்கொள்ள டீசலைச் செலவிட்டே ஆக வேண்டும். எனவே, மிச்சம் என எண்ணியது உண்மையில் செலவேயாகும்.

செலவோடு தீங்கு முடிவதில்லை. எஞ்சினின் பிடி நீங்கியதும், சுமை முழுவதையும் பிரேக்கே தாங்க நேரிடும். வளைவுக்கு வளைவு அழுத்தப்பெறும் பிரேக் சூடேறித் தன் பிடிப்பை இழக்கும். எஞ்சினையும் நிறுத்திவிட்டால், பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிட விசை, சில முறை அழுத்தியதும் தீர்ந்துபோகும். சாவியை முற்றிலும் திருப்பிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். அஞ்செட்டி வழி போன்ற மலைச்சாலையில், மூட்டைகள் நிறைந்த வண்டி அந்நிலையை அடைந்தால் நேர்வது என்னவென்று கூறவும் வேண்டுமோ? ஏறும்போது எந்தக் கியர் வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்குக என்பது, முதிர்ந்த ஓட்டுநர்கள் வழிவழியாகக் காத்துவரும் நெறி. அந்நெறி உயிரையும் காக்கும், டீசலையும் காக்கும்.

சிக்கனத்தை நாடுவோரின் ஆவலைப் பயன்படுத்திக்கொள்ளும் வணிகமும் உண்டு. டீசற் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும் என்றும், தொட்டியில் ஒரு வில்லையைப் போட்டால் போதும் என்றும் கூறி விற்பர். இத்தகைய கூற்றுகளைச் சோதித்தறிய உரைகல் ஒன்று உண்டு, அதுவே அளவை. தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, வண்டி ஓடிய தொலைவைக் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்க. சில நூறு கிலோமீட்டர் வழக்கம்போல் ஓட்டியபின், அதே நிலையத்தில், அதே அளவுக்கு மீண்டும் நிரப்புக. ஓடிய தொலைவை, இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் கிடைப்பதே உண்மையான மைலேஜ். ஒரு முறை செய்தால் பிழை நேரலாம். மூன்று முறை செய்து சராசரி காண்பது நலம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தையே செய்து அளந்தால்தான், எம்மாற்றம் பயன் தந்தது என்பது விளங்கும். ஒரு சிறு குறிப்பேடும் எழுதுகோலும் எந்தக் காந்தத்தினும் வல்லமை உடையவை.

கிலோமீட்டர்க் கணக்கோடு நின்றுவிடுதலும் போதாது. சரக்கு வண்டியின் வேலை சரக்கைக் கொண்டுசேர்ப்பது. ஓர் உழவர் பத்து மூட்டைகளுடன் தனியே ஒரு வண்டியிலும், அடுத்த ஊரார் பத்து மூட்டைகளுடன் வேறொரு வண்டியிலும் ஓசூர்க்குச் செல்வதாகக் கொள்க. இருவரும் கூடி ஒரே வண்டியில் அனுப்பினால், மூட்டை ஒன்றுக்கு ஆகும் டீசல் ஏறக்குறையப் பாதியாகிவிடும். திரும்பும்போது வெறும் வண்டியாய் வராமல், ஊர்க்கு வேண்டிய உரமோ மளிகைப் பொருளோ ஏற்றிவந்தால் மேலும் நன்மை. எந்தக் கருவியாலும் இயலாத இச்சிக்கனம், அயலார் இருவர் கலந்து பேசுவதனால் கைகூடுகிறது. எனினும், குறித்த எடைக்கு மேல் ஏற்றுதல் கூடாது. அது டயரையும் பிரேக்கையும் பட்டையையும் கெடுப்பதோடு, சாலையில் செல்லும் பிறர்க்கும் இடராகும்.

எரிபொருட் சிக்கனம் தனி மனிதரின் பணப்பையைப் பற்றியது மட்டுமன்று. 1973-ஆம் ஆண்டு இறுதியில் மேற்காசியப் போரை ஒட்டிக் கச்சா எண்ணெயின் விலை சில திங்களில் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. செல்வம் மிக்க அமெரிக்காவும் 1974-இல் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலுக்குள் அடக்க நேர்ந்தது. நம் நாடு தனக்கு வேண்டும் கச்சா எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. மேலும், ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. முற்கூறிய வண்டி ஆண்டுக்கு 240 லிட்டரை மிச்சப்படுத்துமாயின், 600 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயு வெளிப்படாமல் தடுக்கப்பெறும்.

பழையது என்பதனாலேயே ஒரு வண்டி பயனற்றதாகிவிடாது. அதனை அறிந்து, அளந்து, பேணி ஓட்டுவோர் கையில் அது நெடுநாள் உழைக்கும். அறியாமையோடு ஓட்டுவோர் கையில் புதிய வண்டியும் டீசலை வீணே குடிக்கும். சிக்கனம் என்பது வண்டியில் பொருத்தும் கருவியன்று. ஓட்டுவோரின் ஒழுக்கமே ஆகும். உயிரைப் பணயமாக வைத்துச் சேர்க்கும் மிச்சம் சிக்கனம் ஆகாது என்பதையும் அவர்கள் மறத்தல் கூடாது.

பயிற்சி

1. டீசலின் ஆற்றல் எவ்வெவ்வகையில் செலவாகிறது?
2. புகையின் நிறத்தைக் கொண்டு அறியக்கூடிய குறைகள் யாவை?
3. மலைச்சாலையில் நியூட்ரலில் இறங்குவது செலவும் தீங்கும் ஆவது எங்ஙனம்? விளக்குக.
4. ஒரு வண்டியின் உண்மையான மைலேஜைக் காணும் முறையை எழுதுக.
5. உம் ஊரிலுள்ள வண்டி ஒன்றின் ஒரு திங்கள் ஓட்டத்தையும் அதற்கான எரிபொருளையும் கேட்டறிந்து, லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடினால் ஆகும் மிச்சத்தைக் கணக்கிடுக.