செலரி விதைச் சத்து: அறிந்து உண்போம்

சிங்கப்பூரின் வடமேற்கில் அமைந்துள்ள கிராஞ்சி வட்டாரத்தில் முன்னாளில் ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நின்றன. இன்று அவ்வட்டாரம் பண்ணைகளுக்கும் நீர்த்தேக்கத்திற்கும் பெயர் பெற்றது. எனினும் நம் தோட்ட மக்களுக்கு அவ்வூர் அந்நியமானதன்று. சிராங்கூன் சாலைக்குச் சென்று பொருள் வாங்கித் திரும்புவோர் பலர் கிராஞ்சியில் பேருந்து ஏறியே ஜொகூருக்கு வருகின்றனர். அவர்கள் கொண்டுவரும் பைகளில் சேலையும் பலகாரமும் மட்டுமின்றி, மூட்டு வலிக்கும் இரத்தக் கொதிப்புக்கும் நல்லவை என்று சொல்லப்படும் மூலிகை மாத்திரைகளும் இருப்பதுண்டு. அவற்றுள் ஒன்றான செலரி விதைச் சத்தைப் பற்றி இம்மாதம் பயில்வோம்.

செலரி என்பது யாது?

சூப்பிலும் மீ கோரிங்கிலும் தூவப்படும் மணமுள்ள இலையை நாம் அறிவோம். மலாய்க்காரர் அதனை டவுன் சூப் என்பர். அதுவே செலரி இனத்துக் கீரை. தமிழில் சிவரிக்கீரை என்ற பெயரும் உண்டு. இதன் விதை மிகச் சிறியது. பழுப்பு நிறமும் கசப்புச் சுவையும் உடையது. நாட்டு மருந்துக் கடைகளில் அசமதா ஓமம் என்ற பெயரால் இவ்விதையைத் தருவோர் உளர். ஆனால் அதே பெயரில் வேறொரு செடியின் விதையும் விற்கப்படுகிறது. நாம் வீட்டில் வயிற்று உப்புசத்திற்குப் பயன்படுத்தும் ஓமம் இவ்விரண்டினின்றும் வேறானது. பெயர் ஒத்திருப்பதால் பொருளும் ஒன்றே என்று கொள்ளலாகாது.

இந்தியாவில் பஞ்சாப் மாநிலத்தில் செலரி விதைக்காகவே பயிரிடப்பட்டு, வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது.

உணவு வேறு, சத்து வேறு

குழம்பில் ஒரு சிட்டிகை விதை சேர்ப்பதும், அவ்விதையிலிருந்து வடித்துச் செறிவாக்கிய சத்தை நாள்தோறும் மாத்திரையாக விழுங்குவதும் ஒன்றல்ல. சத்தாக வடிக்கும்போது, ஒரு வில்லைக்குள் பல மடங்கு விதையின் பொருள்கள் அடங்கிவிடுகின்றன. நன்மை தரும் பொருள் செறிவதைப் போலவே தீமை தரும் பொருளும் செறியக்கூடும்.

இவ்விதையில் பியூட்டைல்ஃப்தாலைடு என்னும் பொருள் உள்ளது. அதன் மணத்திற்கு இப்பொருளும் ஒரு காரணம். இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் இயல்பு இதற்கு உண்டென ஆய்வாளர் கருதுகின்றனர். சீன நாட்டில் இப்பொருள் தனியே தூய்மையாகத் தயாரிக்கப்பட்டு, மூளை இரத்தக் குழாய் அடைப்புக்கு மருந்தாக 2002ஆம் ஆண்டில் அனுமதி பெற்றது. ஆயின் அது மருத்துவர் மேற்பார்வையில் அளவறிந்து தரப்படும் மருந்து. கடைப் புட்டியிலுள்ள விதைத் தூளுக்கு அந்த அனுமதி பொருந்தாது.

ஆய்வு கூறுவது என்ன?

ஈரான் நாட்டில் 52 இரத்தக் கொதிப்பு நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2022இல் வெளியாயிற்று. நான்கு வாரம் செலரி விதைச் சத்து உண்டபோது அவர்களுடைய இரத்த அழுத்தம் குறைந்தது. இது நம்பிக்கை தரும் செய்தியே. ஆயினும் ஐம்பது பேரிடம் நான்கு வாரம் கண்டதைக்கொண்டு, ஆயிரமாயிரம் பேர் ஆண்டுக்கணக்கில் உண்ணலாம் என்று முடிவு செய்ய இயலாது. யூரிக் அமில வாதத்திற்கு இது நல்லது என்னும் கூற்றுக்குப் பெரும்பாலும் எலிகளிடம் கண்ட முடிவுகளே ஆதாரமாக உள்ளன.

ஆகவே கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு இதனை உண்பது பெருந்தவறு. இரத்தக் கொதிப்பு வலி தராமலே உள்ளே வளரும் நோய். மருந்தை நிறுத்தியவர் சில மாதம் நலமாகவே உணர்வார். பின்னர் ஒரு நாள் பக்கவாதமோ மாரடைப்போ தாக்கினால், உழைத்து உண்ணும் குடும்பம் நிலைகுலைந்து போகும்.

எவர் தவிர்க்க வேண்டும்?

கருவுற்ற தாய்மார் செலரி விதைச் சத்தை உண்ணலாகாது. இவ்விதை கருப்பையைத் தூண்டும் எனக் கருதப்படுகிறது. சிறுநீரக அழற்சி உள்ளவரும் இதனை விலக்க வேண்டும்.

இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்போர், தைராய்டு மாத்திரை உண்போர், மனநோய்க்கு லித்தியம் உண்போர், நீர் பிரிய மாத்திரை உண்போர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடுதல் கூடாது. கொதிப்பு மாத்திரையுடன் இதனையும் சேர்த்து உண்டால், அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கம் வரக்கூடும்.

செலரி ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்தாக முடியும். ஐரோப்பிய நாடுகளில் உணவுப் பொட்டலத்தின்மீது கட்டாயம் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களுள் செலரியும் ஒன்றாகும். நம் தொழிலோடு தொடர்புடைய செய்தியும் இதில் உண்டு. ரப்பர்ப் பால் ஒவ்வாமை உடையவருள் சிலருக்கு வாழைப்பழம், அவகாடோ, கிவி போன்றவையும் ஒத்துக்கொள்வதில்லை. அவ்வரிசையில் செலரியும் குறிக்கப்படுகிறது. ரப்பர்க் கையுறை அணிந்தால் தடிப்போ மூச்சிரைப்போ காணும் தோழர் இதனை நினைவில் வைத்தல் நன்று.

செலரியில் சோராலென் என்னும் பொருள்களும் உள்ளன. இவை தோலில் பட்டபின் வெயில் பட்டால் கொப்புளம் எழும். செலரி அறுவடை செய்யும் தொழிலாளரிடையே இந்நோய் கண்டறியப்பட்டுள்ளது. வெயிலில் நின்று உழைப்போர் செறிந்த சத்தை உண்ணும்போது தோலைக் கவனித்து வரவேண்டும்.

மறைந்திருக்கும் கலப்படம்

செலரியைவிடப் பெரிய ஆபத்து, மூலிகை என்ற பெயருக்குள் ஒளிந்து வரும் மருந்தாகும். 2002இல் சிங்கப்பூரில் ஸ்லிம் 10 என்னும் உடல் மெலியும் மாத்திரை மூலிகை என்றே விற்கப்பட்டது. அதில் நைட்ரோசோஃபென்ஃபுளூராமின் என்னும் இரசாயனம் கலந்திருந்தமை பின்னர் தெரிந்தது. அதனை உண்ட பெண்ணொருவர் கல்லீரல் பழுதாகி உயிரிழந்தார். இன்னொருவர் மற்றொருவரின் கல்லீரலில் ஒரு பகுதியைப் பெற்றுப் பிழைத்தார்.

மூட்டு வலிக்கான சில மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்துள்ளது. இதனை உண்டதும் வலி மாயமாய் மறையும், பசி எடுக்கும். சில மாதத்தில் முகம் வீங்கும், நீரிழிவும் கொதிப்பும் ஏறும், எலும்பு வலுவிழக்கும். நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்தினாலும் ஆபத்தே. ஆதலால் ஐயம் எழுந்தால் புட்டியுடன் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வாங்குமுன் கவனிக்க

1. சிங்கப்பூரில் ஊட்டச்சத்து மாத்திரைகள் விற்பனைக்கு முன் அரசின் ஒப்புதல் பெற வேண்டுவதில்லை. கடையில் இருப்பதாலேயே சோதிக்கப்பட்டது என்று எண்ணற்க.

2. மலேசியாவில் இத்தகைய பொருள்கள் பதிவு பெற வேண்டும். எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணையும் மின்னும் முத்திரை ஒட்டையும் பார்த்து வாங்குக.

3. "எல்லா நோயும் தீரும்", "ஒரே நாளில் குணம்" என்னும் விளம்பரங்களை நம்பற்க.

4. விதைப்பதற்காக விற்கப்படும் செலரி விதையை உண்ணற்க. அதில் பூஞ்சைக்கொல்லி பூசப்பட்டிருக்கலாம்.

5. செலரி உப்பும் பெரும்பாலும் உப்பே. கொதிப்பு உள்ளவருக்கு அது மருந்தாகாது.

6. மருத்துவரைக் காணச் செல்கையில், உண்ணும் மூலிகைகளையும் மறைக்காமல் கூறுக. அவர் கோபிப்பார் என்று அஞ்ச வேண்டுவதில்லை. சொல்லாமல் விட்டால்தான் துன்பம்.

செலரிக் கீரையைச் சூப்பில் இட்டு உண்பது, ஒவ்வாமை இல்லாதவருக்கு நல்ல உணவே. கொதிப்பைத் தணிக்க விரும்புவோர் உப்பைக் குறைத்து, புகையையும் மதுவையும் விலக்கி, மருத்துவர் தந்த மாத்திரையைத் தவறாது உண்பாராக. மூட்டு வலியால் வருந்துவோர் இரத்தத்தைச் சோதித்து, நோய் இன்னதென்று அறிந்தபின் மருந்து தேடுவாராக. பாடுபட்டு ஈட்டிய பணம் உடல் நலத்தைக் காக்கச் செலவாக வேண்டுமேயன்றி, அதனைக் கெடுக்கச் செலவாகலாகாது.